தமிழில் சொற்களையும் வாக்கியங்களையும் இணைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பாடநூல், மருத்துவக் கையேடு, நாவல், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை என்று எது மேசைக்கு வந்தாலும் நான் அதிகமாகச் சிவப்புக் கோடு போடும் இடம் ஒன்றுதான். இரண்டு சொற்கள், அல்லது இரண்டு வாக்கியங்கள், சேரும் மூட்டு அது. மொழிபெயர்ப்பாளர்களும் புதிதாக எழுத வந்தவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

ஆங்கிலத்தில் 'ஆண்ட்', 'பட்', 'பிகாஸ்' என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழில் இவற்றுக்கு என்ன பெயர்?

மரபிலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. இணைக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இடைச்சொல். உம், ஓ, ஏ, ஆல், என போன்றவை பெயரையோ வினையையோ சார்ந்தே வரும். தனியே நின்று பொருள் தரா. 'இணைப்புச் சொல்' என்பது இன்றைய வகுப்பறைப் பெயர். அதிலும் தவறில்லை.

ஆனால் பெயரைவிட முக்கியமானது வேலை நடக்கும் விதம். ஆங்கிலம் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு தனிச் சொல்லை நிறுத்துகிறது. தமிழ் சொல்லின் கடைசியிலேயே முடிச்சைப் போட்டுவிடுகிறது. 'அண்ணனும் தம்பியும்', 'வந்து பார்த்தான்', 'பெய்தால் விளையும்' ஆகிய மூன்றிலும் தனி இணைப்புச் சொல் எங்கே இருக்கிறது? இதை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

'மற்றும்' எழுதினால் தவறா? என் ஆசிரியர் பார்த்த இடத்திலெல்லாம் அடித்துவிடுகிறார்.

'மற்று' பழைய சொல். அது வினையை மாற்றிக் காட்டும் பொருளிலும், தனிப்பொருள் தராத வெறும் அசையாகவும் வரும் என்கிறது தொல்காப்பியம். 'பிறிது' என்ற பொருளையும் நன்னூல் சேர்க்கிறது. மற்றொன்று, மற்றவர், மற்றபடி என்று நாம் அன்றாடம் சொல்வதெல்லாம் அந்தப் 'பிறிது' வழி வந்தவை. இரண்டு பெயர்களுக்கு நடுவே நின்று கூட்டல் குறிபோல வேலை செய்யும் இன்றைய 'மற்றும்' ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் பழக்கத்தோடு பெருகியது. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளைப் பாருங்கள். நான்கு 'உம்' வருகின்றன. ஒரு 'மற்றும்' கூட அங்கே தேவைப்படவில்லை.

என் மேசைக்கு வந்த துண்டறிக்கை ஒன்றில் இப்படி இருந்தது: 'காய்ச்சல் மற்றும் இருமல் மற்றும் மூச்சுத்திணறல் உள்ள குழந்தைகள் மற்றும் முதியவர்கள் உடனடியாக மருத்துவமனை மற்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.' மூன்று தொல்லைகளும் சேர்ந்து இருந்தால்தான் போக வேண்டுமா? இரண்டு இடங்களுக்கும் போக வேண்டுமா? எழுதியவரை அழைத்துக் கேட்டேன். ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும், ஏதேனும் ஓர் இடத்துக்குப் போனால் போதும் என்றார். அப்படியானால் வாக்கியம் இதுதான்: 'காய்ச்சலோ இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால், குழந்தைகளும் முதியவர்களும் உடனே மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும்.' நான்கு 'மற்றும்' போய்விட்டன. நோயாளிக்குத் தெரிய வேண்டியதும் தெளிவாகிவிட்டது.

எனவே 'மற்றும்' பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அதை எழுதும் ஒவ்வொரு முறையும் 'உம்' போட முடியுமா, 'ஓ' போட வேண்டுமா, காற்புள்ளி போதுமா என்று ஒரு கணம் நின்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது இடங்களில் அதற்கு வேலையே இருக்காது.

அரசுத் துறைப் பெயர்களிலேயே 'மற்றும்' இருக்கிறதே, அதை மாற்றி எழுதலாமா?

கூடாது. 'மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை' என்பது ஒரு பெயர். பெயரை உள்ளபடியே எழுத வேண்டும். ஆனால் 'மற்றும்' இல்லாமல் துறைக்குப் பெயர் வைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். 'கலை பண்பாட்டுத் துறை', 'இந்து சமய அறநிலையத் துறை' என்ற பெயர்கள் எவ்வளவு இயல்பாக நிற்கின்றன!

'உம்' எங்கே வர வேண்டும்? வேற்றுமை உருபுக்கு முன்னாலா, பின்னாலா?

பின்னால். படத்தையும், வீட்டிலும், அவனுக்கும் என்றுதான் வரும். பலவற்றை எண்ணிச் சொன்னால் எல்லாவற்றுக்கும் உருபும் வேண்டும், 'உம்'மும் வேண்டும்: 'ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விடுமுறை.' 'மற்றும்' எழுதுபவர்கள் 'ஆசிரியர்கள் மற்றும் மாணவர்களுக்கு' என்று கடைசிச் சொல்லுக்கு மட்டும் உருபு தந்துவிட்டு முதல் சொல்லை அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். 'பாலும், பழம், தேனும்' என்று ஒன்றை மட்டும் விட்டுவிடுவதும் பிழை.

தனியாக வரும் 'உம்' எந்தச் சொல்லைத் தொடுகிறதோ அந்தச் சொல்லையே பேசும். 'நானும் நேற்று அவரைப் பார்த்தேன்' என்றால் வேறு யாரோவும் பார்த்திருக்கிறார்கள். 'நான் நேற்றும் அவரைப் பார்த்தேன்' என்றால் வேறு ஒரு நாளும் பார்த்திருக்கிறேன். 'நான் நேற்று அவரையும் பார்த்தேன்' என்றால் வேறு ஆளையும் பார்த்திருக்கிறேன். எழுத்து ஒன்றுதான், இடம் மாறினால் செய்தி மாறுகிறது. இதை இலக்கணம் எச்ச உம்மை என்கிறது. சொல்லாமல் விட்ட ஒன்றை அது சுட்டுகிறது. 'உம்'முக்கு இப்படி எட்டுப் பொருள்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்திருக்கின்றன.

'வெற்றிலை பாக்கு' என்கிறோம். அதில் 'உம்'மும் இல்லை, 'மற்றும்' என்பதும் இல்லையே?

'வெற்றிலையும் பாக்கும்' என்பதில் 'உம்' மறைந்து நிற்கிறது. அதனால் இது உம்மைத்தொகை. தாய் தந்தை, இரவு பகல், செடி கொடி எல்லாம் இந்த வகையே. என்றும் சேர்ந்தே இருப்பவற்றைத் தமிழ் இப்படி ஒட்டி வைக்கிறது.

ஒரு பயனுள்ள குறிப்பு: உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது. 'செடிக் கொடி', 'தாய்த் தந்தை' என்று எழுதுவது தவறு.

'ஆகிய', 'முதலிய', 'போன்ற' மூன்றும் ஒன்றா? நாளிதழில் மாற்றி மாற்றி வருகின்றன.

ஒன்றல்ல. 'ஆகிய' பட்டியலை மூடிவிடும்: 'சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவேந்தர்'. நான்காவதாக ஒருவர் இல்லை. 'முதலிய' பட்டியலைத் திறந்து வைக்கும்: 'மதுரை, திருச்சி முதலிய ஊர்கள்'. இன்னும் ஊர்கள் இருக்கின்றன. 'போன்ற' ஒப்புமையைச் சொல்லும்: 'மதுரை போன்ற பழைய நகரங்கள்'.

செய்தியில் இது பெரிய வேறுபாடு. 'மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை' என்பதில் 'ஆகிய' என்ற சொல்லுக்குப் பதில் 'முதலிய' என்று போட்டுவிட்டால் விருதுநகரில் இருக்கும் பெற்றோர் என்ன செய்வார்?

'நானும் அவனும் வந்தோம்' சரியா, 'வந்தார்கள்' சரியா?

'வந்தோம்'தான் சரி. தன்மை கலந்தால் தன்மைப் பன்மை: நானும் நீயும் அவனும் போவோம். தன்மை இல்லாமல் முன்னிலை கலந்தால் முன்னிலைப் பன்மை: நீயும் அவனும் போவீர்கள்.

'உம்' என்பதற்குப் பதில் 'ஓடு', 'உடன்' போட்டால் கணக்கு மாறிவிடும். 'தந்தையும் மகனும் வந்தனர்' பன்மை. 'தந்தையோடு மகன் வந்தான்' ஒருமை, ஏனென்றால் எழுவாய் மகன் மட்டுமே. உயர்திணையும் அஃறிணையும் கலந்து வந்தால் சிறப்பு, இழிவு, மிகுதி ஆகியவற்றைப் பார்த்து ஒரு முடிபு கொடுப்பது மரபு. 'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்பதில் முதலையோடு மூர்க்கனும் அஃறிணையாகிவிடுகிறான். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு வினைமுற்றுக்குள் இவ்வளவு தீர்ப்பை வைக்க முடிகிறதே என்று வியக்கிறேன்.

'அவன் எழுந்தான் மற்றும் குளித்தான் மற்றும் சாப்பிட்டான்' என்று மொழிபெயர்த்தேன். திருத்திவிட்டார்கள். என்ன தவறு?

வினைமுற்றுகளுக்கு நடுவே 'மற்றும்' வரவே கூடாது. மேலே 'மற்றும்' பற்றிச் சொன்னபோது விட்டுக்கொடுத்தேன், இங்கே விட்டுக்கொடுக்கமாட்டேன். தமிழில் வினைகள் எச்சத்தால் சேர்கின்றன. முன்னால் வரும் வினைகளெல்லாம் முற்றுப்பெறாமல் காத்திருக்கும், கடைசி வினை வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும்: 'எழுந்து குளித்துச் சாப்பிட்டான்.'

இதில் தமிழுக்கு இருக்கும் வளத்தைப் பாருங்கள். 'சாப்பிட்டுத் தூங்கினான்' என்பது வெறும் வரிசை. 'சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்' என்றால் முதல் வேலை முழுதாக முடிந்தது. 'சாப்பிட்டதும் தூங்கினான்' என்றால் இடைவெளியே இல்லை. 'சாப்பிட்டுக்கொண்டே தூங்கினான்' என்றால் இரண்டும் ஒரே நேரம். களைத்துப்போன குழந்தை கண்ணுக்குள் வருகிறது. 'சாப்பிடாமல் தூங்கினான்' என்றால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆண்ட்' என்று இருக்கும் இடத்தில் இவற்றுள் எது வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பவர்தான் கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த உழைப்பைத்தான் 'மற்றும்' தின்றுவிடுகிறது.

வரிசை எதுவும் இல்லாத இரண்டு செயல்கள் என்றால் எச்சம் பொருந்தாது. 'அவர் பாடவும் செய்வார், ஆடவும் செய்வார்' என்றோ, 'பாடுவார், ஆடுவார்' என்றோ எழுதுங்கள்.

எச்சமாக எழுதினாலும் சில வாக்கியங்கள் இடறுகின்றன. ஏன்?

பெரும்பாலும் ஆள் மாறியிருப்பார். 'பயிற்சியை முடித்து, சான்றிதழ் வழங்கப்படும்' என்ற வரியை எத்தனை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள்! முடிப்பது மாணவர், வழங்கப்படுவது சான்றிதழ். 'செய்து' என்னும் வாய்பாட்டில் வரும் எச்சம் தன் எழுவாயையே முடிக்கும் வினையிலும் எதிர்பார்க்கும். 'பயிற்சியை முடித்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படும்' என்றால் இடறல் போய்விடும்.

ஆள் மாறும் இடத்தில் 'செய' வாய்பாடு உதவும்: 'மழை பெய்யக் குளம் நிறைந்தது.' 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்றும் எழுதுகிறோமே என்பீர்கள். அங்கே காரணமும் விளைவும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் காது ஏற்றுக்கொள்கிறது. உரையாசிரியர்களும் இதை எச்சத் திரிபு என்று ஏற்கிறார்கள். விளம்பர வரியில் அந்தப் பிணைப்பு இல்லை.

'ஆனால்', 'ஆயினும்', 'எனினும்', 'இருப்பினும்'... இவற்றுள் எதை எங்கே போடுவது?

இவற்றின் வேரைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 'ஆனால்' என்பது 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது; 'ஆகுமென்றால்' என்பதே அதன் நேர்ப்பொருள். 'மருத்துவர் ஆனால் ஊருக்கு நல்லது' என்பதில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆயினும், ஆகவே, ஆகையால், ஆதலால், ஆயின் எல்லாம் அதே குடும்பம். முன்னே காட்டிய குறளில் 'உடைத்தாயின்' என்று வருவதும் இதுவே. எனினும், எனவே, என்றாலும், எனில் ஆகியவை 'என்' என்ற சொல்லும் வினையின் பிள்ளைகள். இருந்தாலும், இருப்பினும் ஆகியவை 'இரு' வீட்டைச் சேர்ந்தவை. அல்லது, அன்றி, அல்லாமல் ஆகியவை 'அல்' என்ற மறுப்பிலிருந்து பிறந்தவை. ஆவது, சொல்வது, இருப்பது, அல்லாதது என்ற நான்கு எளிய வினைகளைக் கொண்டு ஒரு மொழி தன் வாதங்களையெல்லாம் கோத்து வைத்திருக்கிறது.

பயன்பாட்டில் 'ஆனால்' திசையைத் திருப்பும்: 'கடை திறந்திருந்தது. ஆனால் அரிசி இல்லை.' உம் ஏறிய சொற்கள் முன் சொன்னதை ஒப்புக்கொண்டு அதை மீறிப் போகும்: 'அரிசி விலை ஏறியது. எனினும் வாங்கினேன்.' எனினும், ஆயினும், இருப்பினும் ஆகியவற்றுக்குள் பொருள் வேறுபாடு தேட வேண்டாம். கட்டுரையின் நடைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஏனெனில் மழை பெய்ததால்' என்று எழுதலாமா?

கூடாது. 'ஏனெனில்' என்பது ஏன் + எனில். 'ஏன் என்று கேட்டால்' என்று தானே ஒரு காரணத்தைத் தொடங்கிவிடுகிறது. 'ஆல்' மீண்டும் காரணம் சொல்கிறது. ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. 'மழை பெய்ததால் ஆட்டம் நின்றது' அல்லது 'ஆட்டம் நின்றது, ஏனெனில் மழை பெய்தது' என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது தமிழின் இயல்பான நடை. வாசகரிடம் விளைவை முதலில் வைக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் இரண்டாவது.

'மழை பெய்தாலும், ஆனால் விழா நடந்தது', 'எனவே ஆகையால்' ஆகியவையும் இதே இரட்டைப் பூட்டுதான்.

'பெய்தால்', 'பெய்தாலும்', 'பெய்தபோதிலும்': மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

'அழைத்தால் வருவேன். அழைத்தாலும் வரமாட்டேன்.' ஓர் 'உம்' சேர்ந்ததும் நிபந்தனை எதிர்நிலையாகிவிட்டது. முதலாவதில் அழைப்பு முடிவைத் தீர்மானிக்கிறது, இரண்டாவதில் அழைப்புக்கு அந்த வலிமை இல்லை.

'பெய்தாலும்' நடக்காத மழைக்கும் பொருந்தும், நடந்த மழைக்கும் பொருந்தும். 'பெய்தபோதிலும்' நடந்துவிட்ட மழைக்கு மட்டும். 'நாளை மழை பெய்தபோதிலும் விழா நடக்கும்' என்று எழுதாதீர்கள். 'நாளை மழை பெய்தாலும் விழா நடக்கும்.'

'காப்பி அல்லது டீ வேண்டுமா?' என்று கேட்பது தமிழா?

வீட்டுக்கு வந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. 'காப்பியா டீயா?' என்றுதான் கேட்கிறோம். கேள்வியில் தேர்வு என்றால் இரண்டு 'ஆ' போதும். கேள்வி இல்லாத இடத்தில் 'ஓ': 'காலையிலோ மாலையிலோ வாருங்கள்.' குறைந்தது ஒன்று வேண்டும் என்றால் 'ஆவது': 'கடிதமாவது செய்தியாவது அனுப்பியிருக்கலாம்.' இந்த 'ஆவது' மனக்குறையைச் சொல்வதில் 'ஓ' என்பதைவிடக் கூர்மையானது.

விண்ணப்பப் படிவத்தில் 'பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்று' என்று எழுதுவதில் குற்றமில்லை. அங்கே 'அல்லது' தெளிவாக நிற்கிறது.

'ஆனால்' என்று வாக்கியத்தைத் தொடங்கலாமா? பின்னால் காற்புள்ளி வேண்டுமா?

தாராளமாகத் தொடங்கலாம். காற்புள்ளி கட்டாயமில்லை. வாய்விட்டுப் படிக்கும்போது நிறுத்தம் வந்தால் போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்களை 'ஆனால்' என்று தொடங்கினால், எழுத்தாளர் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள்.

'என்றுக் கூறினார்' என்று அச்சில் பார்த்தேன். சரியா?

தவறு. 'என்று' மென்தொடர்க் குற்றியலுகரம்; அதாவது, கடைசி 'று' என்பதற்கு முன் மெல்லின மெய் நிற்கிறது. வினையெச்சமாக வரும்போது பின்னால் வல்லினம் மிகாது. 'என்று கூறினார்', 'வந்து பார்த்தார்'. 'எடுத்து' என்பதில் கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் நிற்கிறது; அது வன்தொடர் என்பதால் மிகும்: 'எடுத்துக் கொடுத்தார்'. 'என' என்று சுருக்கினால் மிகும்: 'எனக் கூறினார்'.

'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் வரவில்லையா?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. 'எல்லாரும் வந்தார்கள்' என்பதில் உள்ளது முற்றும்மை, ஒருவரையும் விடாதது. அதோடு எதிர்மறை சேர்ந்தால் அந்த முற்றும்மை எச்சப்பொருளுக்கும் உரியதாகும் என்று இலக்கணமே சொல்லியிருக்கிறது. அதாவது, சிலர் வந்தார்கள், எல்லாரும் வரவில்லை. ஆனால் இன்றைய வாசகர் 'யாருமே வரவில்லை' என்றும் படித்துவிடக்கூடும்.

எனவே முக்கியமான இடத்தில் இதை நம்பி இருக்க வேண்டாம். யாருமே வராவிட்டால் 'ஒருவரும் வரவில்லை'. சிலர் வந்திருந்தால் 'சிலர்தான் வந்தார்கள்' அல்லது 'எல்லாரும் வந்துவிடவில்லை'. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவர்கள் இதில் தனிக்கவனம் வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் 'மற்றும்/அல்லது' என்று இருக்கிறது. தமிழில் எப்படி எழுதுவது?

சாய்கோட்டை எடுத்துவிட்டுப் பொருளை எழுதுங்கள். 'வீட்டு உரிமையாளரோ அவருடைய முகவரோ, இருவருமோ கையெழுத்திடலாம்.' ஒரு வரி நீளும், பரவாயில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பவர் பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லர். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் ஐயத்தோடு நிற்கக் கூடாது.